எச்.எம்.ஐ.எஸ். பெங்கால்: ஒரே ஒரு பீரங்கியோட போன எஸ்கார்ட்

நம்ம ஊர்ல ரொம்பத் தந்திரமான ஆளைப் பார்த்தா "அவன் ஒரு எம்டன்"னு சொல்ற பழக்கம் இருக்கு. அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டோடு இருட்டாகப் போய்விட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அந்த எம்டனின் ஆட்டம் 1914 நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கிற கோகோஸ் தீவுகளில் முடிந்தது. சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது.

நான் இன்னைக்குச் சொல்லப் போறது 28 வருஷம் கழிச்சு நடந்த கதை. அதே நவம்பர் மாதம். அதே கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, சுமார் 500 கடல் மைல் தள்ளி. இந்தத் தடவையும் வணிகக் கப்பல்களை வேட்டையாட வந்த கப்பல்கள் இருந்தன. ஆனா அதை எதிர்த்து நின்னது எம்டனை அடிச்ச மாதிரி பெரிய க்ரூஸர் இல்ல. ராயல் இந்தியன் நேவியோட ஒரு குட்டிக் கப்பல். பெயர் பெங்கால். சிட்னி நகரத்துல கட்டினது. அது ஒரு தற்செயல் ஒற்றுமை, அவ்வளவுதான், ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு.

முதல்ல அந்த வருஷம் எப்படி இருந்ததுன்னு பார்த்துடலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலை. அடுத்தது நாமதான்னு மெட்ராஸ்ல கிலி. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின, ஜனங்க மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு பயந்து, மிருகக்காட்சி சாலைல இருந்த சிங்கம் புலியைக்கூட சுட்டுக் கொன்னாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது "இவாக்குவேஷன்"னு சொல்லிக் கேட்டிருந்தா, அது இந்த வருஷத்துக் கதைதான்.

நகரங்கள் ஒருபக்கம் இருக்க, கடல்ல வேற ஒரு சண்டை நடந்துட்டிருந்தது. யுத்தம் ஓடினது எண்ணெயில. பாரசீக வளைகுடாவில் ஏற்றி, ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோகிற டேங்கர்கள்தான் உயிர்நாடி. ஒரு டேங்கரைப் பிடிச்சா எதிரிக்கு ரெட்டை லாபம்: உனக்கு எண்ணெய் இல்ல, எனக்கு இருக்கு. அதைத்தான் ஹோகோக்கு மாரு, ஐகோக்கு மாரு என்ற இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் செய்துகொண்டிருந்தன. பிறவியில் இரண்டும் பயணிகள் கப்பல்கள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். கடற்படை அவற்றை எடுத்து, 140 மில்லிமீட்டர் பீரங்கிகளை வரிசையாகப் பொருத்தி, டார்பிடோ குழாய்களும் கடல் விமானங்களும் கொடுத்து அனுப்பியது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதா வணிகக் கப்பல் மாதிரியே தெரியும். 1942 மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு டேங்கரை அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூனில் எலிசியா என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜூலையில் ஹௌராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பல் பிடிபட்டது.

இப்ப நம்ம பெங்கால். பாதர்ஸ்ட் வகைக் கப்பல். ஆஸ்திரேலியா அந்த வகையில் மொத்தம் 60 கட்டியது, அதில் நான்கு இந்தியாவுக்கு: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். ஆமா, மெட்ராஸ் பேர்லயும் ஒண்ணு இருந்தது. நீளம் சுமார் 57 மீட்டர், எடை ஏறக்குறைய 650 டன், முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 15 கடல் மைல். அடிப்படையில் இது கண்ணிவெடிகளை வாரி எடுக்கிற கப்பல். கூடவே நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கிற கருவியும், அதன்மேல் போட ஆழ்கடல் குண்டுகளும் உண்டு. அதனால் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகவும் அனுப்புவார்கள். நேருக்கு நேர் பீரங்கிச் சண்டைக்கு இதை யாரும் வடிவமைக்கல.

அந்த வகைக் கப்பலுக்கு வழக்கமாக முன்பக்கம் 4 அங்குலப் பீரங்கி ஒன்று இருக்கும். பெங்காலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. கையிருப்பில் இல்லை என்று அதைவிடச் சின்னதான 12 பவுண்டர் ஒன்றை வைத்து அனுப்பிவிட்டார்கள். விமானங்களைச் சுட சில ஓர்லிகன் துப்பாக்கிகள். 12 பவுண்டர்னா அது சுடற குண்டோட எடை. ஆறு கிலோகூட வராது. ஜப்பானியக் கப்பல்களின் ஒவ்வொரு குண்டும் 38 கிலோ. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு வழக்குக்குத் தேவைப்படும்.

கப்பலின் கேப்டன் லெஃப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன். கப்பலோட்டிகள் பெரும்பாலும் இந்தியர்கள். யுத்தம் தொடங்கும்போது ராயல் இந்தியன் நேவியில் ரெண்டாயிரம் பேர்கூடக் கிடையாது. முடியும்போது அது முப்பதாயிரத்தை நெருங்கியிருந்தது. அப்படியென்றால் 1942-ல் கப்பலில் இருந்தவர்களில் நிறையப் பேருக்குக் கடலே புதுசு. கப்பலும் புதுசு. ஆகஸ்டில்தான் பணிக்கு வந்திருந்தது. நான் சொல்ற இந்தப் பயணம், அது கட்டின இடத்தை விட்டு இந்தியாவுக்கு வர்ற முதல் பயணம்.

போற வழியில ஒரு வேலையும் கொடுத்தாங்க. ஒண்டினா என்ற டச்சு டேங்கர், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து டியேகோ கார்சியா வழியாகப் போய் எண்ணெய் ஏற்ற வேண்டும். அதுக்குத் துணையாப் போங்க. நவம்பர் 5 அன்று இரண்டும் கிளம்பின. ஒண்டினாவின் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன். அதிகாரிகள் டச்சுக்காரர்கள், மாலுமிகளில் நிறையப் பேர் சீனர்கள், பின்பக்கம் இருந்த ஒரே 4 அங்குலப் பீரங்கியைக் கவனிக்க பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சிலர். அந்தப் பீரங்கிக்கு மொத்தம் 32 குண்டு. அதாவது, காவலுக்கு வர்ற கப்பலை விடக் காவல் பெறுகிற கப்பல்கிட்ட பெரிய பீரங்கி. கேட்கச் சிரிப்பாத்தான் இருக்கும்.

நவம்பர் 11, நண்பகலுக்குச் சற்று முன். தொடுவானத்தில் ஒரு கப்பல், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நம்ம ஆட்களா எதிரியா என்ற சந்தேகம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. அவற்றின் வேகம் 21 கடல் மைல். பெங்கால் 15, ஒண்டினா அதையும்விடக் குறைவு. ஓடித் தப்பிக்கிற பேச்சே இல்லை.

வில்சன் ஒண்டினாவுக்குச் செய்தி அனுப்பினார்: நீங்க தனியா விலகிப் போயிடுங்க, பிறகு சந்திக்கலாம். பிறகு தன் கப்பலை எதிரியை நோக்கி நேராகத் திருப்பினார்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். எஸ்கார்ட் வேலை என்பது ஜெயிக்கிற வேலை இல்லை. எதிரிக்கும் காவல் பெறுகிற கப்பலுக்கும் நடுவில் நின்று நேரம் வாங்கிக் கொடுக்கிற வேலை. 650 டன் கப்பல் பத்தாயிரம் டன் கப்பலை நோக்கிப் போகும்போது அதன் கேப்டன் ஜெயிப்போம்னு நினைச்சிருக்க மாட்டார். அரை மணி நேரம் எதிரி என்னைச் சுடட்டும், அதுக்குள்ள டேங்கர் தொலைவுக்குப் போகட்டும், அவ்வளவுதான் கணக்கு. நேராக முன்பக்கத்தைக் காட்டிப் போனதிலும் ஒரு காரணம் உண்டு: பக்கவாட்டில் 57 மீட்டர் நீளமாகத் தெரிகிற கப்பல், நேராக வரும்போது சில மீட்டர் அகலம்தான் தெரியும். குறி வைக்கக் கஷ்டம்.

ஆனா ஒண்டினா போகல. ஹோர்ஸ்மன் போட்ட கணக்கு வேற. என் வேகத்துல எப்படியும் ஓட முடியாது, ரெண்டு பீரங்கி சேர்ந்து சுட்டா ஏதாவது வாய்ப்பிருக்கு. அதனால் அவர் கப்பலைத் திருப்பி, பின்பக்கப் பீரங்கியால் சுட ஆரம்பித்தார். ஹோகோக்கு மாரு பெங்காலைக் குறிவைத்தது. தூரம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். பெங்காலைச் சுற்றித் தண்ணீர்த் தூண்கள் எழுந்தன.

சண்டை தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு குண்டு ஹோகோக்கு மாருவின் வலப்பக்கத்து டார்பிடோ குழாய்கள் இருந்த இடத்தில் விழுந்தது. டார்பிடோக்கள் வெடித்தன. பின்பகுதி முழுக்கத் தீ. பயணிகள் கப்பலாகப் பிறந்ததன் பலவீனம் அங்கேதான் தெரிந்தது. கவசம் கிடையாது. டார்பிடோவும், விமான பெட்ரோலும், வெடிமருந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே. தீ வெடிமருந்துக் கிடங்கைத் தொட்டதும் கப்பல் பிளந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அது கடலுக்கு அடியில். கேப்டன் இமாசாட்டோவும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களும் செத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கண்ணிவெடி வாரும் கப்பலும் ஒரு காலி டேங்கரும் சேர்ந்து ஒரு பத்தாயிரம் டன் ரெய்டரை முடிச்சிருக்காங்க.

சரி, அந்தக் குண்டு யாருடையது? இதுதான் வழக்கு. நான் முதல்ல இந்தியக் கடற்படைப் பக்கத்துக் கதையைத்தான் படிச்சேன். அதில் பெங்கால் சுட்டது, எதிரி வெடித்தது, முடிந்தது. ஒண்டினா ஒரு ஓரத்தில் நிற்கும். அப்புறம் டச்சுப் பக்கத்துக் கதையைப் படிச்சா, ஒண்டினாவின் 4 அங்குலப் பீரங்கிதான் எல்லாம். பெங்கால் ஒரு ஓரத்துல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே கப்பலைச் சுட்டிருக்காங்க, யாரோட குண்டு எங்க விழுந்ததுன்னு அந்தப் புகையில எண்ணிக்கிட்டு யாரும் இல்ல. நான் முன்னாடி சொன்ன எடைக் கணக்கைப் போட்டா, ஒண்டினாவின் குண்டு பெங்காலின் குண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 14 கிலோ. அந்த வகையில் என் சாய்வு கொஞ்சம் ஒண்டினா பக்கம். ஆனா டார்பிடோ முனைல பட்டா ஆறு கிலோவே போதும். இதைவிட முக்கியமானது, ஹோகோக்கு மாரு ஆரம்பத்தில் ஒண்டினாவைச் சுடாமல் பெங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. டேங்கர் பீரங்கியாளர்கள் நிதானமாகக் குறிவைக்க நேரம் கிடைத்தது அதனால்தான். குண்டு யாருதா இருந்தாலும் இந்தப் பங்கை நான் பெங்காலுக்குத் தருவேன்.

இனிமேதான் கதையோட கஷ்டமான பகுதி. ஐகோக்கு மாரு இன்னும் முழுசா இருக்கு. அது பெங்காலையும் விடவில்லை. பெங்காலின் பின்பகுதியில் அடி விழுந்தது, உள்ளே தீப்பிடித்தது. அணைத்தார்கள். யாரும் சாகவில்லை, அது அதிசயம்தான். ஆனால் குண்டுகள் தீரப்போகிற நிலை. வில்சன் புகைத்திரை போட்டு, விலகிப் போனார். ஒண்டினாவை நோக்கி அல்ல, எதிர்த்திசையில். ஒண்டினா அதற்குள் தப்பித்திருக்கும் அல்லது முடிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. பெங்கால் டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. அங்கே கொடுத்த தகவலில் ஒண்டினா மூழ்கிவிட்டது என்று இருந்தது.

பெங்காலைப் பற்றி நாம கேட்கிற கதை பெரும்பாலும் இங்கேயே முடிஞ்சிடும். வில்சனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம், போர்க்காலச் செய்திகளில் பாராட்டு, சின்னக் கப்பலின் வீரம். ஆனா டச்சுக் கதை கிட்டத்தட்ட இந்த இடத்துலதான் சூடு பிடிக்குது.

ஒண்டினாவின் 32 குண்டுகளும் தீர்ந்துபோயின. ஐகோக்கு மாருவின் அடி மேல் அடி. ஹோர்ஸ்மன் எஞ்சினை நிறுத்தி, கப்பலை விட்டு இறங்க உத்தரவு கொடுத்தார். இறங்குவதற்குள் மேல்தளத்தில் விழுந்த குண்டில் அவர் செத்துப்போனார். மற்றவர்கள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். ஐகோக்கு மாரு நெருங்கி வந்து டார்பிடோ விட்டது, இரண்டு பட்டன. கப்பல் ஒருபக்கம் பயங்கரமாகச் சாய்ந்தது. பிறகு அந்தப் படகுகள் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அதிலும் சிலர் இறந்தார்கள். நிராயுதபாணியாகப் படகில் இருந்தவர்களைச் சுட்டதை எந்தப் பக்கத்துக் கதையிலும் நியாயப்படுத்த முடியாது.

ஐகோக்கு மாரு பிறகு தன் கூட்டாளிக் கப்பலின் ஆட்களைத் தண்ணீரிலிருந்து தூக்கப் போனது. திரும்பி வந்து இன்னொரு டார்பிடோ விட்டது. அது குறி தவறியது. ஒண்டினா எப்படியும் மூழ்கிவிடும் என்று விட்டுவிட்டு வடக்கே போய்விட்டது.

மூழ்கல. ஏன் தெரியுமா? எண்ணெய் ஏத்தப் போற கப்பல், அதனால தொட்டிகள் எல்லாம் காலி. டேங்கரோட உட்புறம் தனித்தனி அறைகளாப் பிரிச்சிருக்கும். ஒன்றிரண்டில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதவை போலத் தாங்கும். எண்ணெயோடு திரும்பி வருகிற பயணமாக இருந்திருந்தால் ஒரே தீக்கோளம்தான். படகுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கப்பல் அப்படியே நிற்பதைக் கண்டு திரும்ப ஏறினார்கள். தீயை அணைத்தார்கள். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக் கப்பலை நிமிர்த்தினார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஃப்ரீமாண்டிலை நோக்கித் திரும்பினார்கள். கேப்டன் இல்லை. காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல் தூரம்.

காயம்பட்டவங்களுக்கு டாக்டர் வேணும்னு வானொலியில ஃப்ரீமாண்டிலைக் கூப்பிட்டாங்க. சங்கேதப் புத்தகங்களைக் கப்பலைக் கைவிடும்போதே கடலில் எறிந்துவிட்டார்கள், அதுதான் விதி. அதனால் வெளிப்படையான மொழியில்தான் அனுப்ப முடிந்தது. பதில் வரவில்லை. மூழ்கிப்போனதாகச் சொல்லப்பட்ட கப்பலின் பேரில் ஒரு குரல் கூப்பிடுகிறது என்றால், அது ஜப்பானியர்களின் சூழ்ச்சியாகத்தான் இருக்கும் என்று கரையில் நினைத்தார்கள்.

பெங்காலின் அந்த ஒரு வரித் தகவல் செய்த வேலை அது. நான் வில்சனைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தல. ஒரே ஒரு சின்னப் பீரங்கி, குண்டு தீர்ந்த நிலை, எரிகிற பின்பகுதி, எண்பதை ஒட்டிய ஆட்கள். திரும்பிப் போயிருந்தால் பெங்காலும் மூழ்கியிருக்கும், ஒண்டினாவுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. விலகினது சரிதான்னு நான் நினைக்கிறேன். ஆனா "மூழ்கிவிட்டது" என்று சொல்வதும் "கடைசியாகப் பார்த்தபோது எரிந்துகொண்டிருந்தது" என்று சொல்வதும் ஒன்று இல்லை. எஸ்கார்ட் வேலையில, தன்னை நம்பி வந்த கப்பலைப் பத்தி என்ன சொல்றோம் என்பதும் காவலோட ஒரு பகுதிதான். பாராட்டுப் பத்திரங்கள்ல இந்தப் பகுதி வர்றதில்ல.

நவம்பர் 18 அன்று ஒண்டினா தன் சொந்த எஞ்சின் பலத்தில் ஃப்ரீமாண்டிலுக்கு வந்து சேர்ந்தது. ஹோர்ஸ்மனுக்கு அவர் இறந்தபிறகு நெதர்லாந்தின் மிக உயர்ந்த ராணுவ விருது கொடுக்கப்பட்டது. 1948-ல் அந்தக் கப்பலுக்கே டச்சு அரசிடமிருந்து சிறப்புப் பாராட்டு கிடைத்தது.

ஜப்பானியர்கள் இதற்குப் பிறகு இப்படி ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்களை இந்தியப் பெருங்கடலுக்கு வேட்டைக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு சின்ன எஸ்கார்டும் ஒரு டேங்கரும் சேர்ந்து ஒரு உத்தியையே முடித்துவைத்ததாகச் சொல்லலாம்.

பெங்காலோட இந்தியக் கப்பலோட்டிகளைப் பத்திக் கேட்டா எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். அதிகாரிகளின் பெயர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. 12 பவுண்டர் பீரங்கியில் குண்டு திணித்தவர்களும், பின்பகுதித் தீயை அணைத்தவர்களும், எஞ்சின் அறையில் இருந்தவர்களும் "இந்தியக் கப்பலோட்டிகள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இதே கடற்படையோட ஆட்கள்தான் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வாரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கேவலமான சாப்பாடு, பிரிட்டிஷ் மாலுமிக்கு ஒரு சம்பளம் இந்திய மாலுமிக்கு ஒரு சம்பளம், அதிகாரிகளின் இனவெறிப் பேச்சு. சில நாளில் சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள். யுத்தத்துல எங்களை வீரர்கள்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் இந்தச் சோறுன்னு கேட்கிற உரிமை அவங்களுக்கு இருந்தது. அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோடே பண்ணலாம்.

மிச்சக் கப்பல்கள் என்ன ஆச்சு? ஐகோக்கு மாரு 1944 பிப்ரவரி 17 அன்று பசிபிக் கடலில் ட்ரக் தீவுகளில் அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் வெடித்து மூழ்கியது. இன்னைக்கு ஸ்கூபா டைவிங் போறவங்க அதைப் போய்ப் பார்க்கிறாங்க. ஒண்டினாவைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். 1959-ல் ஹாங்காங்கில் உடைத்தார்கள். பெங்கால் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படையில் தொடர்ந்தது. அதைப் பணியிலிருந்து விடுவித்து உடைக்க அனுப்பியது அதற்கு அடுத்த வருஷம், 1960-ல்.